புதிய போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிளை எடைபோடுவது எப்படி?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் கதவு திறக்கிறது. முன்னால் தள்ளிக் கைப்பிடியை மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. போல்ட் ஆக்‌ஷன் ரைபிளின் பின்பகுதியும் இதைத்தான் செய்கிறது. தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. இந்த நான்கு அசைவுக்குள் சுட்டு முடித்த காலிக் கூடு வெளியே விழுந்துவிடும், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) இருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் போய்விடும், பின்பக்கம் இறுகப் பூட்டிக்கொள்ளும். போல்ட் என்ற சொல்லுக்கே தாழ்ப்பாள் என்றுதான் பொருள்.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. டிரைஸே என்பவர் வடிவமைத்த ஊசித் துப்பாக்கியைப் பிரஷ்யா 1841-இல் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. 1866-இல் ஆஸ்திரியாவோடு போர் வந்தபோது, ஆஸ்திரிய வீரர்கள் குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து நிரப்ப வேண்டியிருந்தது. பிரஷ்ய வீரர்களோ படுத்தபடியே தாழ்ப்பாளைத் திறந்து நிரப்பிச் சுட்டார்கள். அப்புறம் பால் மவுசர் வந்தார். அவருடைய 1898 மாடல் ரைபிளில் இருந்த போல்ட்தான் இன்று விற்கும் பெரும்பாலான வேட்டை ரைபிள்களுக்குப் பாட்டன். நூறு ஆண்டுக்கும் மேலாகிவிட்டது, அடிப்படை மாறவில்லை. அதனால் 'முற்றிலும் புதியது' என்று ஒரு ரைபிள் விற்பனைக்கு வந்தால், எது புதியது, எது பழையதற்குப் புதுப் பெயர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். போட்டிக்குச் சுடுபவர் ஒரே இலக்கில் இருபது, முப்பது குண்டு சுடுவார். வேட்டைக்காரருக்குக் கிடைப்பது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த ஒன்றும் குளிர்ந்த குழலிலிருந்து, நடந்து களைத்த உடம்போடு, படபடக்கும் நெஞ்சோடு சுடுவது. உயிருள்ள ஒன்றின் மேல் சுடுகிறோம் என்பதால் அந்தக் குண்டு சரியான இடத்தில் விழுந்தே ஆக வேண்டும். காயத்தோடு ஓடவிடுவதைவிடச் சுடாமல் இருப்பது நல்லது. ஆகவே வேட்டை ரைபிளின் தகுதி என்பது அதன் முதல் குண்டின் தகுதி. கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

போல்ட்டும் அதன் காதுகளும்

.308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் ஏறும் அழுத்தத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 32 பவுண்டு அளவுதான். கிட்டத்தட்ட 1,900 மடங்கு! இது நம் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பவை போல்ட்டின் நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் எஃகுக் காதுகள். கைப்பிடியை மடக்கும்போது இவை சுழன்று, உள்ளே வெட்டியிருக்கும் பள்ளத்தில் மாட்டிக்கொள்கின்றன.

மவுசர் வழியில் வந்தவற்றில் முன்னால் இரண்டு காது இருக்கும். கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும். இன்றைய பல ரைபிள்களில் மூன்று காது, 60 டிகிரி தூக்கினால் போதும். குறைவாகத் தூக்குவதால் கை ஸ்கோப்பில் (ரைபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) இடிக்காது, வேகமும் கிடைக்கும். விளம்பரங்களில் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் கைப்பிடியைத் தூக்கும்போதுதான் உள்ளே இருக்கும் சுடும் ஊசியின் ஸ்பிரிங் அழுத்தப்படுகிறது. அதே வேலையைக் குறைந்த சுழற்சிக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் 60 டிகிரி போல்ட் தூக்குவதற்குச் சற்றுக் கனமாக இருக்கும். நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய போல்ட்டில் அது தெரியாது. மலிவாக முடித்த போல்ட்டில் தெரியும். கண்ணில் ஸ்கோப்பை வைத்தபடியே போல்ட்டை இயக்கிப் பாருங்கள். தலையைத் தூக்காமல், தோளிலிருந்து இறக்காமல் முடிகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது தோட்டாவைப் பிடிக்கும் விதம். புதியவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது, ஆனால் எனக்கு இதில்தான் ரைபிளின் குணமே தெரியும். இரண்டு வகை உண்டு. மவுசர் வகையில் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான ஒரு கொக்கி இருக்கும். மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்பும்போதே அதன் அடிவிளிம்பு இந்தக் கொக்கிக்குள் வழுக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து வெளியே எறியும் வரை தோட்டா கொக்கியின் பிடியிலேயே இருக்கும். மற்ற வகையில் போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளிவிடும், அவ்வளவுதான். போல்ட் முழுதாக மூடும்போதுதான் சின்னக் கொக்கி ஒன்று விளிம்பின் மேல் சொடுக்கி மாட்டும். 1962-இல் வந்த ரெமிங்டன் 700 இந்த வகை.

என்ன வித்தியாசம்? பதற்றத்தில் போல்ட்டை முக்கால்வாசி தள்ளிவிட்டு, மூடாமலே மறுபடி பின்னால் இழுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கொக்கி பிடித்த வகையில் தோட்டா போல்ட்டோடு பின்னால் வந்துவிடும். தள்ளும் வகையில் முதல் தோட்டா குழலிலேயே நின்றுவிடும், அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டிச் சிக்கிக்கொள்ளும். வின்செஸ்டர் மாடல் 70 வந்தது 1936-இல், கொக்கிப் பிடியோடு. 1964-இல் செலவைக் குறைக்க அதைத் தள்ளும் வகைக்கு மாற்றினார்கள். வாங்குபவர்கள் அதை மன்னிக்கவே இல்லை, 1964-க்கு முந்தையவை என்றால் தனி மதிப்பு என்றாகிவிட்டது. பிற்பாடு நிறுவனமே பழைய முறைக்குத் திரும்பியது.

என் கருத்து இதுதான். திருப்பித் தாக்கக்கூடிய பெரிய விலங்கு எதிரே இருக்கும் என்றால் கொக்கிப் பிடி வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மான் வகைகளுக்கு நன்றாகச் செய்த தள்ளும் வகையே தாராளமாகப் போதும். அதைச் செய்வது எளிது, செலவு குறைவு, துல்லியத்திலும் எந்தக் குறையும் இல்லை.

எந்த வகையானாலும் மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களை மேகசினில் நிரப்பிப் பாருங்கள். முதலில் மிக மெதுவாகத் தள்ளுங்கள். தோட்டாவின் மூக்கு மேலெழுந்து சரிவில் ஏறி வாயில் நுழைவதைக் கண்ணால் பார்க்கலாம். எங்காவது தட்டுகிறதா, மூக்கில் சுரண்டிய கோடு விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் முழு வேகத்தில். அப்புறம் ரைபிளை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. மேகசினின் கடைசித் தோட்டா தனியாக இருக்கும்போதுதான் பல ரைபிள்கள் தடுமாறும். அதையும் விடாதீர்கள்.

விசையும் பூட்டும்

விசை என்பது சுடுவதற்கு விரலால் இழுக்கும் டிரிகர். விசை எடை என்பது அதற்கு விரல் கொடுக்க வேண்டிய அழுத்தம். வேட்டைக்கு 1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை சரியாக இருக்கும். மூன்று கிலோ ரைபிளில் மூன்று கிலோ விசை இருந்தால், அதை அழுத்தி முடிப்பதற்குள் குழல் இலக்கைவிட்டு நகர்ந்துவிடும். எடையைவிட முக்கியம் அது விடுபடும் விதம். நல்ல விசை கண்ணாடிக் குச்சி முறிவது போல ஒரே நொடிப்பில் விடும். மோசமான விசை மணலில் கல்லை இழுப்பது போல நறநறவென்று நகர்ந்து, எப்போது சுடும் என்றே தெரியாமல் சுடும்.

இந்த விஷயத்தில் புதிய ரைபிள்கள் உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ் நிறுவனம் விசைக்குள் இன்னொரு மெல்லிய தகடு வைத்த, வாங்கியவரே எடையை மாற்றிக்கொள்ளக்கூடிய விசையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு குறைந்த விலை ரைபிள்களிலும் நல்ல விசை கிடைக்க ஆரம்பித்தது.

ஆனால் லேசான விசையோடு சேர்ந்தே வருவது பாதுகாப்புக் கேள்வி. 2014-இல் ரெமிங்டன், 2006 மே முதல் தயாரித்த 700, செவன் மாடல்களில் ஒருவகை விசை தானாகச் சுட்டுவிடக்கூடும் என்று அறிவித்துத் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தது. பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, குழலின் தோட்டா அறைக்குள் சுண்டுவிரலை விட்டு அது காலி என்று உறுதிசெய்யுங்கள். பார்த்தால் மட்டும் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும். ரைபிளைப் பாதுகாப்பான திசையில் பிடித்து போல்ட்டை மூடிப் பூட்டை, அதாவது விசை சுடாமல் தடுக்கும் சேஃப்டியை, போடுங்கள். விசையைப் பலமாக அழுத்தி விட்டுவிடுங்கள். இப்போது விசையைத் தொடாமல் பூட்டை மட்டும் விடுவியுங்கள். 'டிக்' என்று ஊசி விழுந்தால் அந்த ரைபிளைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். போல்ட்டை ஓங்கி மூடும்போதும் ஊசி விழக் கூடாது.

பூட்டு இரண்டு நிலையா, மூன்று நிலையா என்றும் கேளுங்கள். மூன்று நிலை உள்ளதில் நடு நிலையில் வைத்தால் விசை பூட்டியபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாக்களை வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு மாலையும் காலி செய்ய வேண்டிய ஒரு பொருளுக்கு இது பெரிய நிம்மதி.

'ஒரு அங்குலத் துல்லியம்' என்ற உறுதிமொழி

புதிய ரைபிள்களின் விளம்பரத்தில் இப்போதெல்லாம் தவறாமல் வருவது '100 கெஜத்தில் 1 எம்.ஓ.ஏ. உத்தரவாதம்'. எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு. ஒரு டிகிரியை 60 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது ஓர் அங்குலத்தைவிடத் துளி கூடுதல், 100 மீட்டரில் 2.9 செ.மீ. 200 மீட்டரில் இரட்டிப்பாகும். ஒரே இலக்கில் குண்டுகள் விழுந்த ஓட்டைகளின் கூட்டத்தைக் குரூப் என்பார்கள். அதில் அதிகத் தூரம் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கும் இடையிலான தூரம்தான் குரூப்பின் அளவு.

சரி, எத்தனை குண்டு சுட்டு அளந்தார்கள்? பெரும்பாலும் மூன்று. இங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. மூன்று குண்டு குரூப் சராசரியாக ஓர் அங்குலம் வரும் அதே ரைபிள், அதே தோட்டா, ஐந்து குண்டு சுட்டால் சராசரி 1.3 அங்குலத்தை நெருங்கும். பத்து சுட்டால் 1.6 அங்குலம். ரைபிள் கெட்டுப்போகவில்லை. குண்டு கூடக் கூட, ஓரத்துக்குப் போகும் ஒன்று விழ வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். மூன்றே குண்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். இன்றைக்கு அரை அங்குலம் வந்த ரைபிள் நாளைக்கு ஒன்றரை காட்டலாம், இரண்டுமே அதன் இயல்புதான். யாராவது மிகச் சிறிய குரூப் விழுந்த தாளைக் காட்டினால், அதற்கு முன்னாலும் பின்னாலும் சுட்ட தாள்கள் எங்கே என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 செ.மீ. அகலம். 2 எம்.ஓ.ஏ. ரைபிள் 200 மீட்டரில் 12 செ.மீ.க்குள் போடும். ஆக, அரை அங்குல ரைபிளுக்கும் ஒன்றரை அங்குல ரைபிளுக்கும் உள்ள வித்தியாசம் காட்டில் நம் கை நடுக்கத்துக்குள்ளேயே மறைந்துபோகும். மிச்சப்படும் பணத்தைப் பயிற்சிக்கான தோட்டாவுக்குச் செலவு செய்வதையே நான் சொல்வேன்.

எடை, உதை, தோள்

லேசான ரைபிள் நடப்பதற்குச் சுகம். சுடுவதற்கு அல்ல. பின்னால் உதைக்கும் ஆற்றல் எடைக்கு எதிர்விகிதத்தில் போகும். ஒரே தோட்டாவை ஸ்கோப்போடு சேர்த்து 4 கிலோ உள்ள ரைபிளிலும் 3 கிலோ உள்ள ரைபிளிலும் சுட்டால், இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உதைக்கும். உதைக்கு உடம்பு பயப்படத் தொடங்கினால் விசையை அழுத்தும் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். அதற்கப்புறம் எவ்வளவு துல்லியமான ரைபிளாக இருந்தும் என்ன? அட்டவணையில் போட்டிருக்கும் எடை வெறும் ரைபிளின் எடை என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்கோப், அதன் பிடிகள், வார், தோட்டா எல்லாம் சேர்ந்தால் முக்கால் கிலோவுக்கு மேலேயே ஏறிவிடும்.

தோளில் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, காலியான ரைபிளைத் தூக்கி இயல்பாகத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் (குழலைத் தாங்கித் தோள்வரை வரும் மர அல்லது பிளாஸ்டிக் பகுதி) சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாக, ஓரத்தில் கறுப்புப் பிறை விழாமல் தெரிந்தால் அது உங்கள் ரைபிள். கழுத்தை நீட்டியோ கன்னத்தைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால் கட்டையின் நீளமோ உயரமோ உங்களுக்கு ஒத்துவரவில்லை. புதிய ரைபிள்கள் சிலவற்றில் கட்டையின் பின்புறத்தில் தகடு சேர்த்து நீளத்தை மாற்றலாம், கன்னம் சாயும் இடத்தை உயர்த்தலாம். புதுமைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உயரம் குறைந்தவர்களும் பெண்களும் தங்களுக்கு அளவில்லாத கட்டையோடு மல்லுக்கட்டிய காலம் மிக நீண்டது.

கட்டை மரமா, பிளாஸ்டிக்கா என்ற வாதம் ஓயாது. மரம் அழகு, கைக்கு இதம். ஆனால் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும், அப்போது குழலை நெருக்கிக் குண்டின் போக்கை மாற்றிவிடும். செயற்கைக் கட்டைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதிலும் மலிவானது வளையும். எனக்குத் தெரிந்த ஒருவரின் புத்தம்புது ரைபிள், மணல்மூட்டை மேல் ஒருநாள் இடப்பக்கமும் மறுநாள் நடுவிலும் போட்டது. ஸ்கோப்பை மாற்றினார், தோட்டாவை மாற்றினார். கடைசியில் ஒரு தாள் துண்டை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துப் பார்த்தோம். கையில் வைத்திருக்கும்போது தாள் தடையில்லாமல் போனது. முன்கட்டையை மூட்டையில் வைத்து மேலிருந்து அழுத்தியதும் தாள் சிக்கிக்கொண்டது. கட்டை வளைந்து குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது! கடையில் இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

குழலும் தோட்டாவும்

குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளம் குண்டைச் சுழலவைக்கிறது, பம்பரம் போல. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவுக்கான ரைபிள்களில் வழக்கமாக 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 2,700 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு நொடிக்கு 4,000 தடவைக்கு மேல் சுழன்றபடி போகும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். புதிய ரைபிள்களில் சுழற்சியை வேகமாக வைப்பதன் காரணம் இப்போது நீளமான, ஒல்லியான குண்டுகள் அதிகம் புழங்குவதுதான்.

குழல் நீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் போகும் வேகம் நொடிக்கு 20 முதல் 30 அடி வரை, அதாவது சுமார் ஒரு சதவீதம். அடர்ந்த காட்டில் நடப்பவர்களுக்கும், சைலன்சர் சட்டப்படி பொருத்திக்கொள்பவர்களுக்கும் குட்டைக் குழல் நல்லது. துருப்பிடிக்காத எஃகுக் குழல் ஈரத்தைத் தாங்கும். அதிலும் துரு வரவே வராது என்று நினைக்காதீர்கள், துடைக்கத்தான் வேண்டும்.

எந்தத் தோட்டா? 1906-இல் வந்த .30-06, 1925-இல் வந்த .270, 1952-இல் வந்த .308 ஆகியவை இன்றும் நன்றாக ஓடுகின்றன. புதியவருக்கு .308 அல்லது 6.5 கிரீட்மோர் போதும். இரண்டில் கிரீட்மோரின் உதை குறைவு. உங்களுக்கு எளிதாகக் கிடைக்கும் தோட்டா எதுவோ அதற்கே முதலிடம் கொடுங்கள்.

ஐந்து நாள், ஐந்து குண்டு

உரிமமும் இடமும் சட்டப்படி சரியாக இருந்து, ரைபிளும் கைக்கு வந்துவிட்டது என்றால், ஸ்கோப்பைச் சரிசெய்து முடித்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அதற்கு முன் ஸ்கோப் பிடிகளின் திருகும் கட்டைத் திருகும் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். புது ரைபிள் 'சரியில்லை' என்று திரும்பி வரும்போது பல தடவை தளர்ந்த திருகுதான் காரணமாக இருக்கும்.

100 மீட்டரில் ஒரு தாளை ஒட்டுங்கள். ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டுத் தாளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மறுநாள் அதே தாளை மறுபடி ஒட்டி இன்னொரு குண்டு. இப்படி ஐந்து நாள். தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் குழல் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. இடையில் குழலைத் துடைக்க வேண்டாம். எண்ணெய் தடவிய சுத்தமான குழலிலிருந்து போகும் முதல் குண்டு பெரும்பாலும் வேறு இடத்தில் விழும். அதனால் அனுபவசாலிகள் பலர் வேட்டைக்குக் கிளம்பும் முன் ஓரிரு குண்டு சுட்டு அழுக்கான குழலோடுதான் போவார்கள். ஆறாவதாக, நன்றாகத் துடைத்த பிறகு ஒரு குண்டு சுட்டு, அது எவ்வளவு விலகுகிறது என்பதையும் அதே தாளில் வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஓட்டைகளும் நீங்கள் குறிவைத்த இடத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கைக்குள் இருந்தால், மேசையில் ஒரே மூச்சில் சுட்ட குரூப் எப்படி இருந்தாலும் அது நல்ல வேட்டை ரைபிள். மெல்லிய குழல் நான்காவது, ஐந்தாவது தொடர் குண்டில் சூடேறி விலகுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐந்து முதல் குண்டும் ஐந்து திசையில் போயிருந்தால் திருகு, தாள் துண்டு, வேறு தோட்டா என்ற வரிசையில் தேடுங்கள். தாளில் தேதிகளையும் தோட்டாவின் பெயரையும் எழுதி ரைபிள் பையிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் முதல் குண்டைச் சுட்டதும், அந்தத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.